மெத்தை இல்லாத இடத்தில்

பிப்ரவரி 3

அன்புள்ள தவளைக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சௌக்கியம். அவருக்கு மட்டும் முதுகுவலி. பஸ் ஓட்டுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் மூக்கா வலிக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு சுற்றுகிறார். நீயும் உன் வீட்டு டீச்சரம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன் பண்ணினால் "ம்", "சரி", "வைக்கிறேன்" என்பதற்கு மேல் நீ வாயைத் திறப்பதில்லை. காகிதத்தில்தான் உனக்கு வாய் நீளும். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் போலீசுக்கும் ஷாக் துப்பாக்கி வேண்டுமாம், அதுதான், குண்டுக்குப் பதில் கரண்ட் பாய்ச்சி ஆளை விழவைக்குமே, அது. வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல நகரசபை ஏழு பேரை ஒரு குழுவாகப் போட்டிருக்கிறது. அதில் நானும் ஒருத்தி, சிரிக்காதே. குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. வயதானவர்களுக்கு அடிபடாமல் விழச் சொல்லிக்கொடுக்கிறேன் இல்லையா, அந்த வகுப்புக்கு அவரும் வருகிறார். "உடம்பைப் பத்தித் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்மா" என்று என் பெயரை எழுதிவிட்டார்.

அன்றிலிருந்து கடைத்தெருவில் நிம்மதியாக நடக்க முடியவில்லை. "உங்க தம்பி போலீசுதானே, நீங்க சரின்னுதான் சொல்லுவீங்க" என்று பாதிப் பேர். "உங்க தம்பி போலீசுதானே, நீங்க சொல்றதை எப்படி நம்புறது?" என்று மீதிப் பேர். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

நீ அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிகிறவன். மழுப்பாமல் சொல், நல்லதா கெட்டதா? ஜூனில் ஓட்டுப் போட வேண்டும்.

டீச்சரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துவதால் வீட்டில் சத்தம் போடத் தடை. மாமாவை இருக்கையில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளச் சொல். அப்புறம் ஒரு வேண்டுகோள். தொப்பை விழுந்த ஒரு போலீஸ்காரனை நீ தவளை என்று கூப்பிடுவதை நான் தடுக்கவில்லை. உறைமேல் எழுதாதே. தபால்காரர் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார்.

நல்லதுதான் அக்கா. சந்தேகமே வேண்டாம். முன்பு எங்களிடம் இருந்தது தடி, அதை விட்டால் நிஜத் துப்பாக்கி. நடுவில் ஒன்றுமே இல்லை. ஒருவன் கத்தியோடு வந்தால் தடி போதாது, துப்பாக்கியை எடுத்தால் அவன் பிழைக்கமாட்டான். இப்போது நடுவில் ஒன்று இருக்கிறது. பாதி நேரம் அழுத்தவே வேண்டியதில்லை. போன மாதம் பஸ் நிலையத்தில் இரும்புக்கம்பியோடு ஆடியவன், இதைப் பார்த்ததும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு "சும்மா வச்சிருந்தேன் சார்" என்றான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இதைக் கையில் கொடுப்பதற்கு முன் ஆளாளுக்கு ஒருமுறை ஷாக் வாங்கியாக வேண்டும். நானும் வாங்கினேன். தடியான மெத்தை விரித்து, இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருவன் கையைப் பிடித்துக்கொள்ள, முதுகில் விட்டார்கள். ஐந்து வினாடி. கெண்டைக்காலில் இழுக்கிற குரக்களி உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் இழுத்த மாதிரி. அப்போது நான் கத்திய கெட்ட வார்த்தையை ஒருவன் பதிவு செய்து, இப்போது ஸ்டேஷனில் அதுதான் பல பேருக்கு போன் மணி. மற்றபடி எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன். அவ்வளவுதான் விஷயம்.

தைரியமாகச் சரி சொல்லு.

தம்பி (தவளை இல்லை)


மார்ச் 6

அன்புள்ள தவளைக்கு,

மாமா தலையணை வைத்துக்கொண்டார். இப்போது தூக்கம் வருகிறதாம். பயணிகள் பாவம். நீங்கள் நலம் என்று படித்ததில் சந்தோஷம்.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். உனக்கு மெத்தை போட்டார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஊரில் ஒருவனை நீ சுட்டால் அவனை யார் பிடிப்பார்கள்?

என் பிழைப்பே விழுவதுதான், உனக்குத் தெரியும். முகவாயை நெஞ்சோடு சேர்க்கணும், முழங்காலை மடக்கணும், பக்கவாட்டில் திரும்பணும், எலும்பு படாமல் சதை படணும். இதெல்லாம் ஒரு நொடியில் உடம்பு தானாகச் செய்கிற வேலை. உடம்பே பூட்டிக்கொண்டால் எதைச் செய்வது? சின்ன வயதில் உன்னைக் கட்டிலிலிருந்து தள்ளித் தள்ளித்தானே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். நீ விழுந்தால் நான் பிடிக்கணும், நான் விழுந்தால் நீ பிடிக்கணும். அம்மா கரண்டியோடு வரும்வரை அதுதான் நம் விளையாட்டு. அத்தனை பழகிய உனக்காவது அந்த ஐந்து வினாடியில் கையை ஊன்ற முடிந்ததா?

கிண்டல் பண்ணாமல் பதில் எழுது. சுடுவதற்கு முன், அவன் நிற்கிற இடத்தை நீ பார்ப்பாயா?

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை நெருக்கடி. என் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்று திட்டுவாயே என்று இந்த முறை கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறேன்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. டீச்சரின் பள்ளிக்கூடத்தில் புதிய தலைமையாசிரியர் வந்திருக்கிறார், கறார் பேர்வழியாம்.

நீ கேட்டதற்குப் பதில்: கையை ஊன்ற முடியாது. சுடுவதற்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்ப்போம்.

மாமாவுக்கு வணக்கம்.

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தவளைக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்பதை இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதத்தில் ஒரு எழுத்துப்பிழை இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து நீ எழுதிய ஒரு பக்கமாவது அப்படி இருந்ததுண்டா? கிண்டலும் இல்லை. தவளை என்று கூப்பிட்டதற்குச் சண்டையும் இல்லை. குழாய் ஒழுகினால் எனக்கென்ன? யார் காதில் பூ சுற்றுகிறாய்?

குழு இரண்டு முறை கூடிவிட்டது. துணிக்கடைக்கார அம்மா பிடிவாதமாக வேண்டும் என்கிறார். அவர் கடையில் திருடன் புகுந்தபோது, வந்த போலீஸ்காரர் துப்பாக்கியை எடுக்கவும் முடியாமல் சும்மா நிற்கவும் முடியாமல் தவித்ததை நேரில் பார்த்தவர். லாரி ஓட்டுநர் வேண்டவே வேண்டாம் என்கிறார். அவர் மகளுக்கு வலிப்பு வரும். "அவ தெருவில விழுந்து துடிச்சா குடிச்சிருக்கான்னு நினைச்சு விசையை அமுக்கிடுவாங்க. காயம் தெரியாத ஆயுதம்னா விரல் சீக்கிரம் போகும்யா" என்றார். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. மூன்று பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம். நடுவில் நான்.

இன்ஸ்பெக்டர் வந்து ஒரு பொம்மையைச் சுட்டுக் காண்பித்தார். பொம்மைக்கு அடியிலும் மெத்தை!

என்ன நடந்தது என்று எழுது. இல்லையென்றால் மாமாவின் பஸ்ஸை உன் தெருவுக்கே திருப்பிக்கொண்டு வருவேன்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் இருவர் உடல்நலமும் எப்படி இருக்கிறது? நான் நலம். அவரும் இப்போது நலம்.

போன கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான்தான் அடித்தேன். பாதியில் "இது போதும், நிறுத்து" என்றார், நிறுத்திவிட்டேன். எழுத்துப்பிழை இல்லாததற்கு அதுதான் காரணம். அதிலேயே மாட்டிக்கொள்வோம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கு வலது தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது. மார்ச் கடைசியில் நடந்தது. நன்றாகக் கூடி வருகிறது என்று டாக்டர் சொல்கிறார். வேலைக்குப் போகவில்லை. துறையில் விசாரணை வைத்திருக்கிறார்கள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் கணக்கு டீச்சர், அண்ணி. விடையை மட்டும் சொல்லிவிட்டேன். வழிமுறையை அவரே எழுதட்டும்.

அவருக்குச் சாப்பாடு நன்றாக இறங்குகிறது. என்மேல் கோபப்படாதீர்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 24

டேய்,

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை. எலும்பு முறிந்து ஒரு மாதம் ஆகிறது, எனக்குக் குழாய் ஒழுகும் கதை எழுதுகிறாயா? டீச்சரைத் திட்டினால் தெரியும் சேதி. அவள் ஒருத்திக்குத்தான் அந்த வீட்டில் புத்தி இருக்கிறது.

இடது கையால் கிறுக்கினாலும் பரவாயில்லை, நீயே எழுது. இங்கே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டு பிரித்தாயிற்று. இது என் சொந்தக் கிறுக்கல், கண்ணாடி போட்டுக்கொண்டு படி. நான் நன்றாக இருக்கிறேன், சத்தியமாக. நீ நன்றாகச் சாப்பிடு.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது. ஒரு பெயிண்டர். உள்ளே அவன் அம்மா படுத்திருந்தாள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி விடவில்லை. வாய்ச்சண்டை முற்றி, பழைய பெயிண்ட்டைச் சுரண்டும் கத்தியை எடுத்து வீசிவிட்டான். காவலாளியின் சட்டைக் கை கிழிந்து ரத்தம். நானும் என் கூட்டாளியும் போனபோது படிக்கட்டின் மேல்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தான். நாங்களும் மேலே ஏறி, பக்கவாட்டில் நின்று, கத்தியைக் கீழே போடச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சினோம். காவலாளியை நோக்கி மறுபடி ஓர் அடி வைத்தான். கூட்டாளியின் கை நிஜத் துப்பாக்கிக்குப் போய்விட்டது. நான் முந்திக்கொண்டு ஷாக்கை எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து உன் கேள்வி ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அவன் நிற்கிற இடத்தைப் பார்த்தேன். பின்னால் முழுக்கக் கல்படி.

அழுத்தினேன். அழுத்தும்போதே கால் தாவிவிட்டது. நான் யோசிக்கவில்லை அக்கா, கட்டிலிலிருந்து நீ விழும்போது நான் என்றைக்கு யோசித்தேன்? துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உருண்டேன். அவன் தலை என் தோள்மேல், என் தோள் கல்மேல். துப்பாக்கியிலிருந்து அவன் உடம்புக்கு ஓடும் கம்பியில் கை பட்டு எனக்கும் ஷாக், ஒருமுறை அழுத்தினால் ஐந்து வினாடி கரண்ட் நிற்காது. இரண்டு பேரும் ஒரே கெட்ட வார்த்தையை ஒரே குரலில் கத்தினோமாம். கத்தி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அதை மட்டும் டீச்சரிடம் சொல்லிவிடாதே.

எக்ஸ்ரே அறை வாசலில் எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவனுக்குக் கணுக்கால் சுளுக்கு மட்டும்தான். என் தோளையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"சுட்டது நீங்கதானே சார்?"

"ஆமா."

"அப்புறம் ஓடி வந்து பிடிச்சது?"

"அதுவும் நான்தான்."

"ஏதாவது ஒரு முடிவுக்கு வாங்க சார்" என்றான்.

வலியோடு சிரித்தேன். அவனை வழக்குப் போட்டுக் கூட்டிப் போவதற்கு முன் அவன் அம்மாவைப் பார்க்க உள்ளே விட்டார்கள்.

இப்போது விசாரணை. படியில் நின்றவனைச் சுட்டதை, வேறு வழி இல்லை என்று விட்டுவிட்டார்கள், மிச்சம் இவை: ஆயுதத்தைக் கைவிட்டது, கரண்ட் ஓடும்போது ஆளைத் தொட்டது, கத்தி வைத்திருந்தவனைக் கட்டிப்பிடித்துக் கூட்டாளிக்குக் குறுக்கே போனது. மூன்றும் விதிமீறல், மூன்றும் உண்மை. வேலை போகலாம் என்கிறார்கள். அதனால் ஒன்று கேட்கிறேன். உன் குழுவில் இதைச் சொல்லிவிடாதே. பேப்பரில் வந்தால் என் கதை முடிந்தது.

மற்றபடி நீ சரி என்றுதான் ஓட்டுப் போட வேண்டும். அந்தக் கருவி இல்லையென்றால் அன்றைக்கு அவன் செத்திருப்பான்.

தவளை


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

மாமா சுகம். நான் சுகமா என்று எனக்கே தெரியவில்லை. உன் தோள் எப்படி இருக்கிறது? பாரம் தூக்காதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். கத்தி உன் காதுப் பக்கம் இருந்திருக்கிறது. அந்தக் கேள்வியை உன் தலையில் போட்டவள் நான். உன் வேலைக்கு ஆபத்து வந்தால் அது என்னால் வந்தது. அதே நேரம், சொன்னால் திட்டுவாய், பெருமையாகவும் இருந்தது. மாமா ஒரு மாதமாக அந்தப் பெஞ்சுக் கதையையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், வீட்டுக்குள் மட்டும்.

நேற்று ஓட்டெடுப்பு. கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன்.

"விழுறவரைப் பிடிக்கலாமா சார்?"

"கூடாதும்மா. கரண்ட் ஓடும்போது தொடக் கூடாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"படியில நின்னா?"

"படியில நிக்கிறவங்களைச் சுடக் கூடாதுன்னு விதி இருக்கும்மா."

"சுடுறதைத் தவிர வேற வழி இல்லன்னா?"

அவர் நல்ல மனிதர். மழுப்பவில்லை. "அதுக்கு விதி எதுவும் இல்ல" என்றார்.

வேண்டாம் என்று கை தூக்கினேன். நாலுக்கு மூன்று. துணிக்கடை அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "காரணம் சொல்லுங்க. போலீஸ் வீட்டுப் பொண்ணுன்னு உங்களை எவ்வளவு நம்பினேன்!" என்று கேட்டார். நீதிபதியும், "ஏதாவது சொல்லும்மா, பதிவு பண்ணணும்" என்றார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று ஆரம்பித்துவிட்டேன். அப்படியே மென்று முழுங்கி, "எனக்கு மனசு ஒப்பலை" என்று முடித்தேன். ஏழு பேரில் விஷயம் முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், காரணமே சொல்லாமல் கை தூக்கியவளும் நான்தான். இன்று காலை அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கடைக்குள் போய்விட்டார்.

நீ சொன்னதும் உண்மைதான். அவன் சாகாமல் இருந்தது அந்தக் கருவியால். மண்டை உடையாமல் இருந்தது உன்னால். கருவியை எல்லா ஊருக்கும் வாங்கலாம். உன்னை எப்படி வாங்குவது?

அதை விடு. விசாரணையில் உன்னிடம் கேட்பார்கள், இனி இப்படிச் செய்வாயா என்று. "மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வா. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, அக்கா சொல்கிறேன், சொல். உன்னிடம் வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

தோள் கூடிவிட்டது. டீச்சர் நலம், ஆனால் என்னோடு பேச ஆரம்பித்து இரண்டு நாள்தான் ஆகிறது. மாமாவின் முதுகுக்கு என் அனுதாபங்கள்.

முதலில் சண்டை. உன் ஓட்டு தப்பு. உங்கள் ஊரில் நாளைக்கு ஒருவன் கத்தியைத் தூக்கினால் என்ன செய்வார்கள்? நேரில் வா, வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் விசாரணை முடிந்தது. டீச்சர் என்னை உட்கார வைத்து, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்க வைத்து அனுப்பினாள். மூன்று குற்றத்தையும் ஒப்புக்கொண்டேன். பெயிண்டரும் வந்து சாட்சி சொன்னான். "தப்பு என்மேலதான் சார். இவரு இல்லன்னா நான் இன்னைக்கு இங்க நிக்க மாட்டேன்" என்றான். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அதிகாரி அந்தக் கேள்விக்கு வந்தார்.

"அடுத்த தடவை இப்படி ஒரு நிலைமை வந்தா?"

"மாட்டேன் சார்" நாக்கு நுனியில் இருந்தது அக்கா. நீ சொல்லச் சொன்னது, டீச்சர் சொல்லச் சொன்னது. வாயைத் திறந்தேன்.

"படி இருந்தா பிடிப்பேன் சார்" என்று வந்துவிட்டது.

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "இருபது வருஷமா விசாரணை பண்றேன். மாட்டிக்கிட்டவன் எல்லாரும் இனிமே பண்ண மாட்டேன்னுதான் சொல்லியிருக்கான். உன்னை என்னய்யா பண்றது?" என்றார். அப்புறம் அவரே, "வேலை இருக்கும். அந்தக் கருவியை உன் கையில இனிமே குடுக்க முடியாது" என்றார். "சரிங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

இப்போது பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்க வைக்கிற வேலை. கையில் ஒரு பலகை, வாயில் ஒரு விசில். பிள்ளைகள் கூட்டமாக வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது. டீச்சரிடம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் சோகமாக இருப்பதாகக் காட்டிக்கொள்கிறேன்.

இனி நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். முதலில் அந்தத் துணிக்கடை அம்மாவிடம் போய்ச் சொல்.

எனக்காக அத்தனை பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டாய். பதிலுக்கு என்னிடம் நீ கேட்டது ஒரே ஒரு பொய். அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை அக்கா.

இடுப்பு லேசாகிவிட்ட,
தவளை